ஒலுவிலுக்கா, பேராதனைக்கா? வன்னியிலிருந்து அரபு படிக்கப் போகிறவர்களுக்கு

வன்னியில் ஒரு பிள்ளை அரபு படிக்கப் போகிறது என்று சொன்னால் ஊர் இரண்டில் ஒன்றை நினைத்துக்கொள்ளும். மௌலவியாகி வரப்போகிறது, அல்லது கட்டாருக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போகப்போகிறது. இரண்டும் மரியாதையான வழிகள்தான். பல்கலைக்கழகத்தில் அரபு படிப்பது இவற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் மூன்றாவது வழி. ஒரு மொழியை, அதன் இலக்கணத்தை, ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்குக் குறையாத இலக்கியத்தை, அதைப் பேசும் சமூகங்களின் வரலாற்றை முறையாகப் படிக்கும் வழி அது. முல்லைத்தீவு நீராவிப்பிட்டியிலிருந்து போகும் முஸ்லிம் பிள்ளைக்கும் அது உரியது. கிளிநொச்சியிலிருந்து போகும் சைவ, கிறிஸ்தவப் பிள்ளைக்கும் உரியது. இந்த அத்தியாயத்தை எல்லாரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரபு படிக்கப் போகும் வன்னி மாணவர் தமிழுக்காகவும் படிக்கிறேன் என்ற எண்ணத்தோடு போகவேண்டும். அரபு உலகத்தின் நவீன எழுத்து தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது. கல்முனையில் பிறந்த எம்.ஏ. நுஃமான் 1981இல் வெளியிட்ட பலஸ்தீனக் கவிதைகள் தொகுப்பு ஈழத்து வாசகர்களிடம் எவ்வளவு ஆழமாகப் போனது என்பதை அந்தத் தலைமுறையினரைக் கேட்டால் சொல்வார்கள். அவரும் ஆங்கில வழியாகவே மொழிபெயர்த்தார். நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அரபை நேரே வாசித்துத் தமிழில் தரக்கூடியவர்கள் இன்னும் மிகக் குறைவு. அந்த இடத்தை நிரப்ப வன்னிப் பிள்ளைகளுக்குத் தகுதியும் உண்டு, காரணமும் உண்டு. அந்தக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று வாசல்கள்

இலங்கையில் அரபுக் கல்லூரி என்று சொன்னால் மத்ரஸா என்றே பொருள். வெலிகம பாரி, 1931இல் தொடங்கிய மஹரகம கபூரிய்யா போன்றவை இந்த மரபின் பெயர்பெற்ற நிறுவனங்கள். இவை முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவு செய்யப்படுகின்றன. படித்து முடிப்பவர் மௌலவியாகிறார். பரீட்சைத் திணைக்களம் நடத்தும் அல்ஆலிம் பரீட்சைக்கும் தோற்றலாம். இங்கே அரபு, சமயக் கல்வியின் கருவி. குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹு ஆகியவற்றை மூலத்தில் வாசிப்பதுதான் நோக்கம். இலக்கணம் மிகக் கண்டிப்பாகச் சொல்லித்தரப்படும். அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது, பேருவளையில் நளீம் ஹாஜியார் 1973இல் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா. சமயக் கல்வியையும் நவீன உயர்கல்வியையும் ஒன்றாக வைத்த நிறுவனம். அதன் பணிப்பாளராக நீண்டகாலம் இருந்த கலாநிதி எம்.ஏ.எம். சுக்ரி பேராதனையில் அரபு படித்தவர். எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். மத்ரஸாவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே வழி இருக்கிறது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.

மூன்றாவது பல்கலைக்கழகம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறுவருடம் பல்கலைக்கழகமானது. 2005இல் இஸ்லாமியக் கற்கைகள் மற்றும் அரபு மொழிப் பீடம் தனிப் பீடமாக அமைந்தது. பேராதனையில் கலைப் பீடத்தின் கீழ் அரபு, இஸ்லாமிய நாகரிகத் துறை இருக்கிறது. நமக்கு அருகிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்பவையே அங்குள்ள பீடங்கள். அரபுக்கு அங்கே இடமில்லை. ஆகவே வீட்டிலிருந்து போய்வந்து படிக்கும் வாய்ப்பு இப்போதைக்கு இல்லை என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒலுவிலுக்கும் பேராதனைக்கும் அனுமதி முறையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதை அறியாமல் விண்ணப்பம் நிரப்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் ஒலுவிலின் அரபு மொழியும் இஸ்லாமியக் கற்கைகளும் தனித்தனிக் கற்கைநெறிகள். விண்ணப்பத்திலேயே பெயர் குறித்துக் கேட்கவேண்டும். பேராதனைக்குக் கலை மாணவராகப் போய், முதல் வருடத்தில் அரபை ஒரு பாடமாகத் தெரிவுசெய்து, அதில் நல்ல பெறுபேறு எடுத்தால் சிறப்புக் கற்கைக்குப் போகலாம். மனம் உறுதியாக இருந்தால் ஒலுவில். புவியியலோ தமிழோ அரபோ என்று இன்னும் தீர்மானிக்காதவருக்குப் பேராதனையே நல்லது என்பது என் எண்ணம்.

உயர்தரத்துக்கு முன்னும் பின்னும்

சாதாரண தரத்தில் அரபு மொழி தெரிவுப் பாடங்களில் ஒன்று. அரபு இலக்கிய நயம் இன்னொரு தொகுதியில் வருகிறது. உயர்தரக் கலைப் பிரிவில் அரபு, இஸ்லாம், இஸ்லாமிய நாகரிகம் என்று தனித்தனிப் பாடங்கள் உள்ளன. எதை எதோடு சேர்த்து எடுக்கலாம் என்பதற்கு விதிகள் இருக்கின்றன. தரம் 12இல் சேரும் வாரத்திலேயே அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திலோ கேட்டுத் தெளிவாகுங்கள். இரண்டு வருடம் படித்தபிறகு பாடச் சேர்க்கை பிழை என்று தெரிந்தால் திருத்த வழியில்லை.

வன்னிப் பாடசாலைகள் பலவற்றில் அரபுக்கு ஆசிரியர் கிடைப்பது கடினம். வவுனியா நகரத்தைச் சுற்றியுள்ள முஸ்லிம் பாடசாலைகளில் படிப்பவருக்கு ஓரளவு வசதி. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இருப்பவர் ஊரிலுள்ள மௌலவியிடம் தனியாகப் படித்துத் தோற்றவேண்டி வரலாம். அப்படிப் படிப்பவர் கட்டாயம் கடந்தகால வினாத்தாள்களை வைத்துப் பயிலவேண்டும். பரீட்சை கேட்கும் மொழிபெயர்ப்பும் கட்டுரையும் ஓதல் வகுப்பில் வராத விஷயங்கள்.

ஒரு நுணுக்கமான செய்தி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் கல்வி வசதி குறைந்தவை என்று ஆணைக்குழு வகுத்த 16 மாவட்டங்களில் அடங்கும். கற்கைநெறிக்குக் கற்கைநெறி அனுமதி அடிப்படை மாறும் என்பதால் அந்தந்த வருடக் கையேட்டின் அந்தப் பக்கங்களை வரி விடாமல் வாசியுங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபின் முல்லைத்தீவுக் குடும்பங்கள் பல புத்தளத்தில் வாழ்ந்தன. 2009க்குப் பிறகு சில திரும்பின; சில இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கின்றன. பிள்ளை எந்த மாவட்டத்தின் பரீட்சார்த்தி என்ற கேள்வி இந்தக் குடும்பங்களுக்குச் சிக்கலாகும். எந்தப் பாடசாலையில் எந்த வருடங்கள் படித்தார் என்ற சான்றுகளை ஒரு கோப்பில் ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழகக் கதவு திறக்கும்வரை நீண்ட காலம் கழியும். அந்தக் காத்திருப்புத்தான் இந்தப் படிப்பில் உங்களுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய வாய்ப்பு. எழுத்துகளையும் ஐந்நூறு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறவருக்கு முதல் வருடம் இலகு. வெறுங்கையோடு நுழைகிறவர் அந்த வருடம் முழுவதும் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்.

மொழிக்குள் இறங்குவது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது.

அரபு எழுத்துகள் 28. வலமிருந்து இடமாக எழுதப்படும். சொல்லில் இருக்கும் இடத்தைப் பொறுத்து எழுத்தின் உருவம் மாறும். அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் என்ற ஆறும் தங்களுக்கு அடுத்து வரும் எழுத்தோடு ஒட்டாது, மற்றவை ஒட்டும். இந்த ஆறையும் முதலில் மனப்பாடம் செய்தால் எழுத்துக்கூட்டுவதில் பாதிச் சிரமம் போய்விடும். எண்களை மட்டும் இடமிருந்து வலமாக எழுதுவார்கள். கையால் எழுதிப் பழகுங்கள். தட்டச்சில் பழகியவர் பரீட்சை மண்டபத்தில் திணறுவார்.

முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு முன்னிலை உண்டு. சிறுவயதில் குர்ஆன் ஓதியதால் ஐன், ஹா, காஃப், ஸாத் போன்ற ஒலிகள் நாக்கில் இருக்கும். தமிழ் மட்டும் பேசி வளர்ந்தவருக்கு இவை புதிது, பயிற்சி வேண்டும். முன்னிலையோடு ஒரு பொறியும் இருக்கிறது. ஓதும் பிரதியில் உயிர்க்குறிகள் முழுதாக இடப்பட்டிருக்கும். செய்தித்தாளிலும் நாவலிலும் அவை இருக்காது. காஃப், தா, பா என்ற மூன்று எழுத்துகளை மட்டும் பார்த்தால் அது கதப, அதாவது எழுதினான், குதிப, எழுதப்பட்டது, குதுப், புத்தகங்கள். மூன்றில் எது என்று வாக்கியம்தான் சொல்லவேண்டும். வேகமாக ஓதத் தெரிந்த பிள்ளை முதல்முறை ஒரு பத்திரிகைப் பக்கத்தின் முன் ஊமையாக நிற்கும்போது மனம் உடைந்துபோகிறது. அது குறைபாடு இல்லை. இதுவரை ஒலியைப் படித்தீர்கள். இனி இலக்கணத்தைப் படிக்கப்போகிறீர்கள். சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் இந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து கிளைக்கும். மேலே சொன்ன அதே வேரிலிருந்து கிதாப் புத்தகம், காதிப் எழுத்தர், மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம், மக்தூப் எழுதப்பட்டது. அச்சு மாறும், வேர் மாறாது. அகராதியையும் வேரின்படியே தேடவேண்டும். ஹான்ஸ் வேர் தொகுத்த அகராதி அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. அதன் ஆங்கிலப் பதிப்பு 1961இல் வந்தது. இன்றும் அரபு மாணவரின் மேசையில் இருக்கவேண்டிய நூல். மக்தபா என்ற சொல்லை மீம் எழுத்தில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. முன்னும் பின்னும் ஒட்டியவற்றைக் கழித்து வேரைக் காணப் பழகுவதுதான் முதல் வருடத்தின் உண்மையான பாடம்.

தமிழ் தெரிந்தவருக்குக் கைகொடுக்கும் ஒரு இடத்தைச் சொல்கிறேன். அரபில் எல்லாப் பெயரும் ஆண்பால் அல்லது பெண்பால். மேசைக்கும் சூரியனுக்கும்கூடப் பால் உண்டு. இது நமக்குப் புதிது. ஆனால் பன்மைக்குப் போகும்போது அரபு, மனிதரையும் மனிதரல்லாதவற்றையும் பிரிக்கிறது. மாணவர்களைச் சுட்டும்போது ஹாஉலாஇ, அதாவது இவர்கள். புத்தகங்களைச் சுட்டும்போது ஹாதிஹி. அது ஒருமைப் பெண்பாலுக்குரிய சுட்டு. அஃறிணைப் பன்மை ஒருமையைப் போல நடத்தப்படுகிறது. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த விதியைக் கண்டு குழம்புவார்கள். உயர்திணை, அஃறிணை என்று படித்து வளர்ந்த நமக்கு என்ன குழப்பம்? நாமும் பேச்சில் மாடுகள் வந்தது என்றுதானே சொல்கிறோம்! விரிவுரையாளர் இந்தப் பாடத்தைத் தொடும் நாளில் உங்கள் தமிழிலக்கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடினமானவையும் இருக்கின்றன. ஒருமை, இருமை, பன்மை என்று எண் மூன்று. பன்மைச் சொல் பல இடங்களில் உள்ளிருந்தே உடைந்து மாறும்: கிதாப் குதுப் ஆகும், மத்ரஸா மதாரிஸ் ஆகும். ஒவ்வொரு பெயரையும் அதன் பன்மையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யவேண்டும், குறுக்குவழி கிடையாது. நம் மொழியில் வினை கடைசியில் வரும். அரபில் பெரும்பாலும் அது முதலில் வந்துவிடும். தமிழில் யோசித்து வரிக்கு வரி மாற்றி எழுதினால் அரபு நொண்டும்.

இன்னொன்று பேச்சு மொழி. எழுத்து அரபாகிய ஃபுஸ்ஹாவும் வீதியில் பேசும் ஆம்மிய்யாவும் வேறு. இந்த இரட்டை வழக்கைப் பற்றி 1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் அரபும் ஒன்று. மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் வேறாக வாழும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பல்கலைக்கழகம் ஃபுஸ்ஹாவைத்தான் கற்பிக்கும். அதை முதலில் உறுதியாகப் பிடித்தபிறகு எகிப்து வழக்கோ வளைகுடா வழக்கோ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்ஜஸீராச் செய்தியைத் தினமும் பத்து நிமிடம் கேட்பது ஃபுஸ்ஹாவுக்கு நல்ல பயிற்சி. முதல் மாதங்களில் ஒன்றும் விளங்காது. காது மட்டும் பழகும். அது போதும்.

எந்தப் புத்தகத்தோடு தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றே. மதீனா நூல்கள் என்று உலகமெங்கும் அழைக்கப்படும் மூன்று தொகுதிப் பாடநூல். அதை எழுதிய கலாநிதி வி. அப்துர் ரஹீம் தமிழ்நாட்டு வாணியம்பாடியில் 1933இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் படித்தார், பிறகு அல்அஸ்ஹருக்குப் போனார், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்குப் பல்லாண்டு கற்பித்தார், 2023இல் காலமானார். அரபைப் புறத்திலிருந்து வந்து கற்றவர் எழுதிய நூல் என்பதால் எங்கே தடுக்கிவிழுவோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அரபிலக்கணத்தின் மூலநூலை எட்டாம் நூற்றாண்டில் எழுதிய சீபவைஹியும் பாரசீகர்தான். அரபு தாய்மொழி இல்லையே என்று தயங்குகிறவர்கள் இவர்கள் இருவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு எச்சரிக்கை. அரபை எப்போதும் தமிழ் எழுத்தில் குறித்துப் படிக்காதீர்கள். இலங்கையில் ரமழான் என்று எழுதுகிறோம், தமிழ்நாட்டில் ரமலான் என்கிறார்கள். இரண்டும் ஒரே அரபு எழுத்துக்கு நாம் போட்ட வேறு வேறு வேடம். நம் முன்னோர் இதைத் திருப்பிப்போட்டு, அரபெழுத்திலேயே தமிழை எழுதினார்கள். தமிழ் ஒலிகளுக்காகப் புது அடையாளங்களைச் சேர்த்து அவர்கள் உருவாக்கிய அரபுத்தமிழில் நூற்றுக்கணக்கான கையெழுத்துப்படிகளும் அச்சு நூல்களும் எஞ்சியிருக்கின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த மரபின் பெரும் பெயர். இலங்கையிலும் அவருக்கு மாணவர்கள் இருந்தார்கள். அரபும் தமிழும் கற்ற ஒருவரால்தான் அந்த நூல்களைத் திறக்கமுடியும்.

பண்பாடு என்ற பாதி

பட்டத்தின் மற்றப் பாதி வரலாறும் இலக்கியமும். இதை மனப்பாடப் பாடமாக ஒதுக்கிவிடுகிறவர்கள் அதிகம், பெரிய இழப்பு.

நம் மண்ணிலிருந்தே தொடங்கலாம். வன்னிக்கு மேற்கே மாந்தையில் 1980களில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் நடத்திய அகழ்வில் மேற்காசியாவிலிருந்து வந்த மெருகிட்ட மட்பாண்டங்கள் கிடைத்தன. இப்னு பதூதா 1344இல் புத்தளக் கரையில் இறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்ததைத் தன் பயணநூலில் எழுதியிருக்கிறார். அந்தத் தமிழ் மன்னனுக்குப் பாரசீகம் விளங்கியது என்றும் குறிப்பிடுகிறார். இதை ஆங்கில மேற்கோளில் வாசித்திருப்பீர்கள். மூன்றாம் வருடத்தில் அரபு மூலத்தில் வாசிக்கலாம். நம் வரலாற்றைப் பற்றி அரபில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொருவர் சொல்லக் காத்திருக்கத் தேவையில்லை என்ற நிலை சிறியதன்று.

முதலில் சொன்ன காரணத்துக்கு இப்போது வருகிறேன். கஸ்ஸான் கனஃபானி 1936இல் அக்காவில் பிறந்து, 1948இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, 1972இல் பெய்ரூட்டில் கொல்லப்பட்டவர். அவருடைய ஹைஃபாவுக்குத் திரும்புதல் என்ற குறுநாவலில், ஊரைவிட்டு ஓடிய கணவனும் மனைவியும் இருபது வருடம் கழித்துத் தங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கதவைத் திறப்பது வேறொருவர். ஓடிய அன்று தவறவிட்ட குழந்தை அங்கே வேறொரு பெயரோடு, வேறொரு தாய்க்குப் பிள்ளையாக வளர்ந்திருக்கிறது. வெயிலில் மனிதர்கள் என்ற அவருடைய 1963ஆம் ஆண்டு நூலில் வேலை தேடிக் குவைத்துக்குக் களவாகப் போகும் மூன்று பேர் வெறும் தண்ணீர்த் தாங்கிக்குள் வெந்து சாகிறார்கள். இந்த இரண்டையும் முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போய்வந்த குடும்பத்துப் பிள்ளை எப்படி வாசிக்கும்? புத்தளத்தில் பிறந்து, தகப்பன் சொல்லிக் கேட்ட தண்ணீரூற்று வீட்டை முதல்தடவை பார்க்கப்போன பிள்ளை எப்படி வாசிக்கும்? வீடு, வேலி, கிணறு, காணி உறுதி, காணாமற்போனவர் என்ற சொற்களுக்கு வன்னித் தமிழில் இன்று ஒரு கனம் இருக்கிறது. அந்தத் தமிழில் கனஃபானியை மொழிபெயர்க்கக்கூடியவர் இங்கே வாழ்ந்தவர்தான். மஹ்மூத் தர்வீஷ், தாஹா ஹுஸைன், 1988இல் நோபல் பரிசு பெற்ற நஜீப் மஹ்ஃபூஸ் என்று வாசிப்பை விரியுங்கள். பாடத்திட்டம் கேட்காவிட்டாலும் ஒரு வருடத்துக்கு ஒரு நாவலாவது மூலத்தில் முடியுங்கள்.

போக்குவரத்தும் செலவும்

பேராதனைக்கு ஏ9 வீதி நேரே கண்டிவரை கொண்டுபோய்விடும். ஒலுவில் தொலைவு. வவுனியா வந்து, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, பிறகு கிழக்குக் கரையோடு மட்டக்களப்பு, கல்முனை தாண்டிப் போகவேண்டும். அடிக்கடி வீட்டுக்கு வரமுடியாது. மகாபொல புலமைப்பரிசிலுக்கும், அது கிடைக்காதவர் பல்கலைக்கழக உதவித்தொகைக்கும் உரிய படிவங்களைத் திகதி பிந்தாமல் கொடுங்கள். தகப்பன் இல்லாத, தாய் மட்டும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கிராம அலுவலரின் வருமானச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது. ஒலுவிலில் ஒரு தமிழ் மாணவருக்கு மொழியால் தனிமை வராது. சுற்றியிருப்பது தமிழ் பேசும் ஊர்கள். எந்தப் பாடம் எந்த மொழிமூலத்தில் நடக்கும் என்பதைச் சேர்ந்த வாரத்திலேயே விசாரித்து, ஆங்கிலம் பின்தங்கியிருந்தால் அதை உடனே கவனியுங்கள்.

வேலை பற்றி

அரபுப் பட்டம் வேலையைக் கையில் கொண்டுவந்து தராது. கலைப் பட்டதாரிகள் நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் நாடு இது. ஆசிரிய நியமனம் வழக்கமான வழி. எப்போது ஆட்சேர்ப்பு வரும் என்பது நம் கையில் இல்லை. அரபோடு சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்தால்தான் மற்றக் கதவுகள் திறக்கும்: மொழிபெயர்ப்பு, தூதரகப் பணி, விமான நிறுவனம், சுற்றுலா, வெளிநாட்டு வேலைவாய்ப்புத் துறை. அரபு 1973 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் உத்தியோக மொழி என்பதும் நினைவிலிருக்கட்டும். மேற்படிப்புக்கு இந்தியாவின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில்கள் உண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திலும் டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அரபுத் துறைகள் இருக்கின்றன.

2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இந்த நாட்டில் அரபெழுத்தே சந்தேகத்துக்குரியதாகப் பார்க்கப்பட்டது. பெயர்ப்பலகைகளிலிருந்து அது அகற்றப்பட்டது. அந்தப் பயம் தமிழ் எழுத்தையும் விடவில்லை. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்தவரும் நளீமிய்யாவில் படித்தவருமான கவிஞர் அஹ்னஃப் ஜஸீம், நவரசம் என்ற தமிழ்க் கவிதைத் தொகுதிக்காக 2020இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுபவையாக வாசிக்கப்பட்டன. 2021 இறுதியில் பிணை கிடைத்தது; 2023இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக அடையாள அட்டையைப் பயணத்தில் எப்போதும் கையில் வைத்திருங்கள். ஒரு மொழியைப் படிப்பது குற்றமாகாது என்பதில் மாத்திரம் பின்வாங்காதீர்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாட்டில் என்ன நடக்கும் என்பதைத்தானே இந்த வழக்கு காட்டியது!

இறுதி வருட ஆய்வு

ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது பழைய தலைப்புகளையே திரும்ப எடுக்காதீர்கள். உங்கள் ஊரிலேயே அரபு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். போருக்குப் பிறகு குடும்பத்தைத் தனியாகச் சுமந்த வன்னிப் பெண்கள் பலர் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிக்குப் போய்வந்தவர்கள். அவர்கள் பேசும் அரபு எந்தப் பாடநூலிலும் இல்லை. லெபனான் மொழியியலாளர் ஃபிதா பிஸ்ரி, பெய்ரூட்டில் இலங்கைப் பணிப்பெண்களுக்கும் வீட்டு எசமானிகளுக்கும் இடையே உருவான கலப்பு மொழியை ஆராய்ந்து 2010இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த மொழியின் வினைகள் பல, பெண்ணை நோக்கிய ஏவல் வடிவத்திலிருந்தே வந்தவை என்று காட்டினார். போ, கொண்டுவா, துடை என்று கேட்டுக் கேட்டே கற்ற மொழியில், நான் போகிறேன் என்பதற்கும் அந்த ஏவலே பயன்படுகிறது. அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் சிங்களம் பேசும் பெண்களை. தமிழ்த் தாய்மொழிக்காரரின் வளைகுடா அரபைப் பற்றி அதே கவனத்தோடு யாராவது எழுதவேண்டும்.

அப்படிப் போய் அமரும்போது அந்த அக்காமாரின் அரபைத் திருத்தாதீர்கள். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேளுங்கள். பெயரையும் வேலைசெய்த வீட்டையும் ஆய்வில் எழுதாதீர்கள். சம்பளம், அடி, பசி பற்றிய பேச்சு வந்தால் கருவியை நிறுத்தவேண்டுமா என்று கேளுங்கள். இலக்கணம் பிறகும் கேட்கலாம். ஒப்பந்தத்தின் அரபுப் பிரதி அவர்களிடம் இருந்தால், அதில் என்ன எழுதியிருந்தது என்று தமிழில் வாசித்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.